போன குளிர்காலத்தில் பாதித் தோட்டம் போய்விட்டது, இந்த முறை என்ன செய்யலாம்?

கொடிமுல்லை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தோட்டம் போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் குளிர்காலம் எப்படியோ தப்பித்தது. இரண்டாவதில் பெரிய அடி. நான்கு ரோஜாவில் மூன்று போயிற்று, இரண்டு லாவண்டரும் போயிற்று, தோண்டி எடுத்து வைத்திருந்த டாலியா கிழங்கெல்லாம் கூழாகிவிட்டது, ஐந்து மண்தொட்டி வெடித்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது, பிறகு அதுவும் செத்தது. அந்தச் செடியை விதையிலிருந்து வளர்த்தேன், அதுதான் ரொம்ப வருத்தம்.

கவனிக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. இலையுதிர்காலத்தில் ரோஜாவை நன்றாக ஒட்ட வெட்டி, குளிரைத் தாங்கட்டும் என்று உரம் போட்டேன். பனி விழும் என்று சொன்ன நாளிலிருந்து பாலித்தீன் தாளால் இறுக்கி மூடி வைத்தேன். கறிவேப்பிலை இலை கொட்டக் கொட்டத் தண்ணீர் கூடுதலாக விட்டேன். இப்போது மறுபடி இரவுகள் குளிர ஆரம்பித்துவிட்டன. இந்த முறை எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வேர்முடிச்சு:

படிக்கவே கஷ்டமாக இருந்தது கொடிமுல்லை. விதையிலிருந்து வளர்த்த செடி போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எதுவும் தலைவிதி இல்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் சாகிற செடிகளில் பல, வெறும் குளிரால் சாவதில்லை. வேரில் தேங்கும் ஈரம், அதற்கு நேர்மாறாக வறட்சி, மண் உறைந்து உருகி மறுபடி உறைவது, இந்த மூன்றும்தான் அதிகம் கொல்கின்றன.

ரோஜா: இலையுதிர்காலத்தில் வெட்டினால் செடி அதை வளரச் சொல்கிற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். மேலே தழைச்சத்து உரமும் போட்டிருக்கிறீர்கள். இளம் துளிர் விட்டிருக்கும், அந்தத் துளிரில் தண்ணீர்ச் சத்து அதிகம், முதல் கடும் பனியிலேயே கருகிவிடும், அதோடு செடி சேர்த்துவைத்த சத்தும் வீண். கோடை முடியும்போதே தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். செடி மெல்ல அடங்கித் தூக்கத்துக்குப் போகட்டும்.

பாலித்தீன்: தாள் இலையைத் தொடும் இடத்தில் குளிர் நேராக இறங்கும். பகலில் வெயில் வந்தால் உள்ளே வெந்துபோகும், நீர் கோத்துக்கொள்ளும், இரவில் அதுவே உறையும். துணிதான் நல்லது. பழைய போர்வை, கோணி, தோட்டத்துக்கென்று வருகிற மெல்லிய வெள்ளைத் துணி, எதுவானாலும் சரி. ஆனால் அது தரையைத் தொட வேண்டும். நாம் பிடிக்கப் பார்ப்பது மண்ணிலிருந்து எழும் சூட்டை. செடியின் தலையில் மட்டும் துணியைக் கட்டித் தண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் ஒரு பயனும் இல்லை. காலையில் எடுத்துவிடுங்கள்.

லாவண்டர் போனதற்கு ஈரம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மண் களிமண்ணா?


கொடிமுல்லை:

ஆமாம், நல்ல களிமண். மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும்.


வேர்முடிச்சு:

அதுதான். லாவண்டர், ரோஸ்மேரி மாதிரிச் செடிகள் காய்ந்த குளிரை நன்றாகவே தாங்கும், காலடியில் ஈரம் நின்றால் தாங்காது. மறுபடி வைத்தால் மண்ணை மேடாக்கி, சரளைக்கல் கலந்து அதன்மேல் வையுங்கள். சுற்றிலும் இலைதழை மூடாக்கு வேண்டாம், சரளையே போதும்.


செம்பருத்தி_வேலி:

ரோஜா பற்றி வேர்முடிச்சு சொன்னதோடு ஒத்துப்போகிறேன், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ஒட்டுக் கட்டிய ரோஜா என்றால், காப்பாற்ற வேண்டியது அந்த ஒட்டு மூட்டைத்தான், அதாவது வேர்ச்செடியும் மேல்செடியும் சேரும் வீங்கிய இடத்தை. மேலே உள்ள கிளைகள் முழுக்கக் கருகினாலும் மூட்டு உயிரோடு இருந்தால் செடி திரும்ப வரும். இரண்டு மூன்று முறை நன்றாக உறைபனி விழுந்தபிறகு, வேறு இடத்திலிருந்து மண்ணோ மட்கோ கொண்டுவந்து அடியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். செடியைச் சுற்றியே சுரண்டிக் குவிக்காதீர்கள், வேர் வெளியே வந்துவிடும். நீண்ட கிளைகள் காற்றில் ஆடி வேரை அசைக்கும், அவற்றை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். முழுக் கவாத்து வசந்தத்தில், மொட்டுகள் உப்ப ஆரம்பிக்கும்போது. அப்போது எது உயிரோடு இருக்கிறது, எது காய்ந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

கரும்புள்ளி விழுந்த இலைகள் கீழே கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அந்தப் பூசணம் உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்த மழையில் தெறித்து மேலே ஏறும்.


மண்வெட்டி:

நான் இதில் இன்னும் ஒரு படி மேலே போவேன். இலையுதிர்காலத்தில் தோட்டத்தை முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த தண்டு, பழைய கொடி, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் வெட்டி அள்ளிப் படுக்கையைக் காலி செய்து, மண்ணைக் கொத்திப் போட்டு, உடனே கனமாக மூடாக்குப் போட்டுவிட வேண்டும். நத்தை முட்டையும் பூச்சியும் குப்பையில்தான் ஒளிந்துகொள்கின்றன. பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.


விதைக்கூடு:

மண்வெட்டி அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. குப்பையில் பூச்சி ஒளிந்திருப்பது உண்மை. ஆனால் அசுவினியைத் தின்கிற பொறிவண்டும் அதே இலைச் சருகுக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. தனித்து வாழும் காட்டுத் தேனீக்களில் பல வகை உள்ளீடற்ற தண்டுக்குள் முட்டையிட்டிருக்கும், குஞ்சு வெளியே வரவே அடுத்த வருடம் ஆகும். எல்லாவற்றையும் அள்ளி எரித்தால் அவற்றையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம். பிறகு வசந்தத்தில் ஆப்பிள் பூக்கும்போது தேனீயே வரவில்லை என்று கவலைப்படுகிறோம்.

நான் செய்வது: நோய் கண்ட செடியைத் தயங்காமல் எடுப்பேன். கருகல் வந்த தக்காளிக் கொடி, புள்ளி விழுந்த ரோஜா இலை, சொறிநோய் வந்த ஆப்பிளின் இலை, இவை எதுவும் தோட்டத்தில் தங்கக் கூடாது, வீட்டு மட்குக் குழிக்கும் போகக் கூடாது. மற்றவற்றை நிற்க விடுவேன். நின்ற தண்டுகள் பனியைப் பிடித்து வைக்கும், பனி மண்ணுக்குப் போர்வை. விதைத் தலைகளைச் சிட்டுகள் வந்து கொத்தும். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்க ஆரம்பித்தபின்தான் வெட்டுவேன், அப்போதும் அடியில் 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் புதுத் தேனீக்கள் அந்தக் கட்டையில் குடியேறும்.


மண்வெட்டி:

நோய்ச் செடியைப் பிரித்துச் சொன்னது சரி. பூப்படுக்கையில் தண்டை விடுவதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்கறிப் படுக்கையில் நான் விட மாட்டேன். பூசணிக் குடும்பமும் முட்டைக்கோஸ் குடும்பமும் நின்ற இடத்தில் கழிவு கிடந்தால் பூச்சியும் நோயும் அடுத்த வருடமும் விடாது.


விதைக்கூடு:

அதுவும் சரிதான். ஆனால் காலி செய்த படுக்கையை வெறும் மண்ணாக விடாதீர்கள். மழையும் காற்றும் மேல்மண்ணையும் சத்தையும் கொண்டுபோய்விடும். ரை தானியப் பயிர், அல்லது கிளோவர், வெட்ச் மாதிரிப் பயறுவகைச் செடி என்று எதையாவது பசுந்தாளாக விதைக்கலாம், நேரம் தாண்டிவிட்டால் பொடித்த இலையையோ மட்கையோ பரப்பலாம். செடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டால் அதுவே மட்கும் (முட்டைக்கோஸ் வேரில் முடிச்சு நோய் இருந்தால் மட்டும் பிடுங்கிவிடுங்கள்).


செம்பருத்தி_வேலி:

மூடாக்கை எப்போது போடுவது என்பதையும் பேசிவிடலாம். மண்வெட்டி உடனே போடச் சொல்கிறார். காய்கறிப் படுக்கைக்கு அது பரவாயில்லை. பல்லாண்டுப் பூச்செடிகளுக்கு மண்ணின் மேல்பகுதி ஒருமுறை உறைந்தபிறகு போடுவதுதான் நல்லது என்பது என் அனுபவம். சூடு ஏற்றுவதற்காக நாம் மூடாக்குப் போடுவதில்லை, உறைந்த மண் உறைந்தபடியே இருக்கட்டும் என்பதற்காகப் போடுகிறோம். பகலில் உருகி இரவில் உறைந்தால் மண் மேலும் கீழுமாக உப்பிச் சின்னச் செடிகளை வேரோடு வெளியே தள்ளிவிடும். முக்கியமாக முதல் வருடம் வைத்த செடிகள். அப்படித் தள்ளியிருப்பதைப் பார்த்தால் காலால் மெல்ல அழுத்தி உள்ளே விட்டு மேலே மூடுங்கள்.

அளவு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். முழு இலையாகப் போட்டால் நனைந்து தாள் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பொடித்துப் போடுங்கள்.


பழமரம்:

மூடாக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. மரத்தின் அடித்தண்டில் ஒட்டப் போடாதீர்கள், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். எலிகள் வைக்கோலுக்குள் வீடு கட்டிக்கொண்டு பனிக்கு அடியில் மரப்பட்டையைச் சுற்றிலும் கறித்துவிடும். பனி உருகியபிறகுதான் நமக்குத் தெரியும், வளையமாகப் பட்டை போன மரம் பிழைப்பது அரிது. இளம் ஆப்பிள் மரம் ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன், வைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு இளம் மரத்துக்கும் சின்னக் கண் உள்ள கம்பிவலையை உருளையாக்கிப் போடுகிறேன். மண்ணுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும், மேலே எவ்வளவு பனி குவியுமோ அதற்கும் மேல் வர வேண்டும், ஏனென்றால் முயல் பனிமேல் நின்று கடிக்கும்.

கவாத்து: ஆப்பிள், பேரி இரண்டையும் இலையில்லாத காலத்தில், கடுங்குளிர் தணிந்தபின் வெட்டலாம். செர்ரி, பிளம் மரங்களைக் குளிர்காலத்தில் தொடாதீர்கள். வெள்ளியிலை நோய்ப் பூசணமும் பாக்டீரியா சொறியும் ஈரமான குளிரில் வெட்டுக்காயம் வழியாக நுழையும். அவற்றைக் கோடையில், காய்ந்த நாளில் வெட்ட வேண்டும்.


கொடிமுல்லை:

எல்லாருக்கும் நன்றி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன். என்னிடம் ஹைட்ராஞ்சியா இருக்கிறது, பூ காய்ந்து பழுப்பாக நிற்கிறது. அதை வெட்டலாமா? அப்புறம் வீட்டுக்குள் வைக்கிற செடிகள் பற்றி யாரும் சொல்லவில்லை. புதிதாக ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு மல்லிகை, இரண்டு மிளகாய்ச் செடி இருக்கின்றன.


செம்பருத்தி_வேலி:

பெரிய இலை வகை, உருண்டைப் பூ, நீலமோ இளஞ்சிவப்போ என்றால் வெட்டாதீர்கள். அடுத்த வருடப் பூமொட்டு இப்போதே அந்தப் பழைய கிளை நுனியில் உருவாகிவிட்டது. காய்ந்த பூத்தலையே அந்த மொட்டுக்குக் குடை. வசந்தத்தில் பழைய பூவை மட்டும் எடுங்கள். கூம்பு மாதிரி வெள்ளைப் பூ விடும் வகை வேறு, அது புதுக் கிளையில் பூக்கும், குளிர்கால முடிவில் வெட்டலாம்.


தொட்டிக்காடு:

உள்ளே வைக்கிற செடிகள் என் பக்கம். எனக்குத் தரையே இல்லை, எல்லாம் தொட்டிதான், ஒவ்வொரு குளிர்காலத்திலும் முப்பது நாற்பது தொட்டி உள்ளே வரும்.

கறிவேப்பிலை வெப்ப நிலத்துச் செடி. சுற்றுப்புறம் 10 டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலே வளர்ச்சியை நிறுத்திவிடும், வெளிச்சமும் குறைந்தால் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வுக்குப் போகும். இலை உதிர்வதை நாம் தாகம் என்று தவறாகப் படிக்கிறோம். இலையே இல்லாத செடி தண்ணீரை எங்கே செலவழிக்கும்? குளிர்ந்த மண்ணில் ஈரம் அப்படியே நிற்கிறது, வேர் அழுகுகிறது. போன வருடம் உங்கள் செடி இலை கொட்டியதால் சாகவில்லை, அதற்குப்பிறகு விட்ட தண்ணீரால் செத்திருக்கும். மனதைத் தளர விடாதீர்கள், இந்தத் தவறைச் செய்யாதவர் எங்களில் யாரும் இல்லை.

இந்த முறை இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்கு வரும்போதே உள்ளே எடுங்கள், உறைபனி எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். சிலந்திப்பேன், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் செடியோடு உள்ளே வந்தால், வீட்டுச் சூட்டில் அவற்றைத் தின்ன எதிரியே கிடையாது. இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அதிக வெயில் விழும் ஜன்னல், ஆனால் கண்ணாடியை இலை தொடக் கூடாது. ஹீட்டருக்கு நேர் மேலே வைக்கக் கூடாது, அந்தக் காய்ந்த காற்றில்தான் சிலந்திப்பேன் பெருகும். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் போதாவிட்டால் எல்இடி விளக்கு ஒன்றைப் பகலோடு சேர்த்து 12, 14 மணி நேரம் எரிய விடலாம். இலை முழுக்கப் போனாலும் தூக்கி எறியாதீர்கள், தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா பாருங்கள், பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

மல்லிகைக்கு நல்ல வெளிச்சமும் கொஞ்சம் குளிர்ந்த அறையும் பிடிக்கும். மிளகாய் பல்லாண்டுச் செடி என்பது பலருக்குத் தெரியாது. 15, 20 சென்டிமீட்டர் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டி, வேரையும் கொஞ்சம் குறைத்துப் புது மண்ணில் சின்னத் தொட்டிக்கு மாற்றி, 10 முதல் 15 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை கொஞ்சம் தண்ணீர். பார்க்க வெறும் குச்சி மாதிரி இருக்கும். அடுத்த கோடையில் விதைச் செடியைவிட சீக்கிரமே காய்க்கும்.

வெளியே நிற்கிற தொட்டிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உறைந்தால் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், சுட்ட மண்ணின் துளைக்குள் ஊறிய நீர் விரியும்போது தொட்டி வெடிக்கிறது. காலித் தொட்டிகளைக் காயவைத்துக் கவிழ்த்து, கூரைக்கு அடியில் வையுங்கள். செடி உள்ள தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கமாகச் சேர்த்து, அடியில் கட்டையோ செங்கல்லோ கொடுத்துத் தண்ணீர் வடிய விட்டு, பக்கவாட்டில் கோணியோ குமிழித்தாளோ சுற்றுங்கள். தரையில் பனியைத் தாங்குகிற செடியே தொட்டியில் தாங்காது, ஏனென்றால் வேருக்கு நான்கு பக்கமும் குளிர்.


மண்வெட்டி:

டாலியா கூழானதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. முதல் பனியில் இலை கருத்தபின் தண்டை 10, 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஒரு வாரம் போலப் பொறுத்துத் தோண்டுங்கள். மண்ணை உதறித் தலைகீழாகச் சில நாள் வைத்தால் உள்ளீடற்ற தண்டில் தேங்கிய நீர் வடிந்துவிடும். பிறகு மரத்தூளிலோ வெர்மிகுலைட்டிலோ (தொட்டி மண்ணில் கலக்கிற லேசான கனிமத் துகள்) புதைத்து, உறையாத ஆனால் குளிர்ந்த இடம், 5 முதல் 10 டிகிரிக்குள். மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டால் கூழ்தான். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அழுகியதை வெட்டி எறியுங்கள், சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.


கொடிமுல்லை:

மூடிய பையில்தான் போட்டேன்.


நீர்த்தும்பை:

சின்ன விஷயங்கள், ஆனால் மறந்துவிடுகிறோம். வெளிக் குழாயை உள்ளேயே அடைத்துவிட்டு, மிச்சத் தண்ணீர் வடியத் திறந்து வையுங்கள். ரப்பர் குழாயைக் கழற்றிச் சுருட்டி உள்ளே. மண் உறைவதற்கு முன் எப்போதும் பச்சையாக இருக்கிற செடிகளுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், ஏனென்றால் குளிர்கால வெயிலிலும் காற்றிலும் இலை நீரை விட்டுக்கொண்டேயிருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது, வசந்தத்தில் இலை பழுப்பானதும் குளிர் கொன்றுவிட்டது என்று நினைப்போம். நடைபாதையில் பனிக்கு உப்புப் போட்டால் அது உருகி ஓடிப் படுக்கைக்குத்தான் வரும், செடியோரத்தில் மணல் போடுங்கள்.


(ஏழு வாரம் கழித்து)

கொடிமுல்லை:

நிலவரம் சொல்ல வந்தேன். ரோஜாவுக்கு மண் குவித்தாயிற்று. கறிவேப்பிலை பாதி இலை கொட்டியது, தண்ணீர் விடக் கை பரபரத்தது, விடவில்லை. டாலியாவில் ஒரு கிழங்கின் நுனி மட்டும் மெத்தென்று இருந்தது, வெட்டிவிட்டேன்.

இப்போது பிரச்சினை வேறு. நான்கு நாளாக வெளியே 13 டிகிரி, நல்ல வெயில். ஹைட்ராஞ்சியா மொட்டுப் பச்சையாகத் தெரிகிறது. டூலிப் நுனியும் எட்டிப் பார்க்கிறது. மூடியதையெல்லாம் எடுத்துவிடலாமா? எடுக்காவிட்டால் உள்ளே மூச்சு முட்டுமோ என்று இருக்கிறது.


வேர்முடிச்சு:

எடுக்காதீர்கள். இது நடுக்குளிரில் வருகிற பொய் வசந்தம். துணிப் போர்வையைப் பகலில் திறந்து காற்று விடுங்கள், இரவில் மூடுங்கள். மண் குவியலையும் மூடாக்கையும் தொட வேண்டாம், அவைதான் வேரை இன்னும் தூங்க வைத்துக்கொண்டிருக்கின்றன. டூலிப் நுனி பற்றிக் கவலை வேண்டாம், அந்த இலை பனியைத் தாங்கும். பூமொட்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.


பழமரம்:

மரங்கள் குளிரை எண்ணிக்கொண்டிருக்கும் என்று சொல்லலாம். ஆப்பிளின் பல வகைகளுக்கு 0 முதல் 7 டிகிரிக்கு இடைப்பட்ட குளிர் 800, 1000 மணி நேரம் தேவை, அது நிறையும்வரை வெயில் அடித்தாலும் மொட்டு எளிதில் விழிக்காது. நிறைந்தபின் வருகிற சூடுதான் ஆபத்து. தூங்குகிற மொட்டு கடுங்குளிரையும் தாங்கும், ஆனால் விரிந்த ஆப்பிள் பூவுக்கு சைபருக்குக் கீழே 2 டிகிரி வந்தாலே சேதம் தொடங்கும், கீழே 4 டிகிரி வந்தால் அநேகமாக எல்லாம் போகும். அதனால்தான் சீக்கிரம் வரும் வசந்தத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, பயம்தான் வருகிறது.


(பத்து நாள் கழித்து)

கொடிமுல்லை:

நல்லவேளை எடுக்கவில்லை. நேற்று இரவு சைபருக்குக் கீழே 9. ஒரே ராத்திரியில் முழங்கால் அளவு பனி. வேலிப் புதர் தலை தரையைத் தொடுகிறது.


நீர்த்தும்பை:

ஈரப்பனி என்றால் துடைப்பத்தால் கீழேயிருந்து மேல்நோக்கி மெல்லத் தூக்கி உதறுங்கள். மேலேயிருந்து அடித்தால் கிளை முறியும். பனிக்கட்டியாக உறைந்து ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம், அதுவாக உருகட்டும். படுக்கைமேல் கிடக்கிற பனியை அப்படியே விடுங்கள்.


கொடிமுல்லை:

சரி. அப்புறம், எல்லாரும் விதை போட ஆரம்பித்துவிட்ட மாதிரி தெரிகிறது. நானும் தக்காளி போட்டுவிடட்டுமா?


விதைக்கூடு:

உங்கள் பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம். தக்காளிக்கு 6 முதல் 8. வெள்ளரி, பூசணிக்கு 3, 4 வாரம் போதும், அவற்றுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. பட்டாணி, கீரை, முள்ளங்கி எல்லாம் உள்ளே போடவே வேண்டாம், மண் வேலைக்கு ஆனதும் நேராக விதைக்கலாம்.

ஆசையில் முன்கூட்டிப் போட்ட தக்காளி ஜன்னலில் நீண்டு மெலிந்து சாய்ந்து நிற்கும். பின்னால் போட்ட குட்டைக் கன்று வெளியே நட்டதும் அதை முந்திக்கொண்டு போகும். இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பழைய விதை இருந்தால் பத்தை எண்ணி ஈரத்தாளில் சுருட்டி, சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள், ஏழு முளைத்தால் கொஞ்சம் அடர்த்தியாகப் போடலாம், மூன்று என்றால் புது விதை. வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே நம்ப முடியாது, தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும்.


தொட்டிக்காடு:

குழித்தட்டைச் சோப்பு நீரில் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். முளைத்த நாற்று ஒரே இரவில் தரைமட்டத்தில் நூலாக மெலிந்து மடிந்துவிட்டால் அது நாற்றழுகல், மருந்தில்லை. தட்டுக்கு அடியில் தண்ணீர் விட்டு உறிஞ்ச வைத்துப் பத்து நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், சின்ன விசிறியை மெல்லச் சுற்ற விடுங்கள். மிளகாய் முளைக்க 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் முளைத்தவுடன் சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். விளக்கு 14 முதல் 16 மணி நேரம், இரவில் அணைத்துவிடுங்கள்.


(ஆறு வாரம் கழித்து)

மண்வெட்டி:

பனி உருகிவிட்டது, எல்லாருக்கும் கை ஊறும். கொடிமுல்லை, உங்களுக்குக் களிமண் என்பதால் இதைச் சொல்கிறேன், மண் காயாமல் கொத்தாதீர்கள், படுக்கைமேல் காலும் வைக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டி, விரலால் குத்துங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். பிசைந்த மாவு மாதிரி அப்படியே நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் செங்கல்லாகக் காயும், அந்த வருடம் முழுக்க அது சரியாகாது. நான் முன்பு ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஆழக் கொத்துவேன் என்று மேலே எழுதியிருந்தேன். இந்த முறை விதைக்கூடு சொன்னபடி ஒரு படுக்கையைக் கொத்தாமல் மட்கு மட்டும் பரப்பி விட்டேன். அதில் மண்புழு அதிகம், கையாலேயே குழி தோண்ட முடிகிறது. அடுத்த வருடம் இன்னும் இரண்டு படுக்கையை அப்படி விடப் போகிறேன்.


விதைக்கூடு:

இதைப் படித்ததில் ரொம்ப மகிழ்ச்சி அண்ணா.

கொடிமுல்லை, நாற்றுகளை வெளியே பழக்க மறக்காதீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏழிலிருந்து பத்து நாள். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு வெயிலும் தெரியாது, காற்றும் தெரியாது. நேராக வைத்தால் வெளுத்துவிடும். தக்காளியை இரவு 10 டிகிரிக்கு மேல் நிலையாக நின்றபிறகுதான் மண்ணில் இறக்க வேண்டும்.


(மூன்று வாரம் கழித்து)

கொடிமுல்லை:

கணக்குச் சொல்கிறேன். டாலியா பன்னிரண்டில் பத்து கெட்டியாக இருக்கிறது, கழுத்துப் பக்கம் இளஞ்சிவப்பு முளைக்கண் தெரிகிறது. மல்லிகை சுகம். மிளகாய் இரண்டில் ஒன்று அசுவினியில் போயிற்று, இன்னொன்று துளிர்த்துவிட்டது. கறிவேப்பிலை குளிர்காலம் முழுக்க ஆறு இலையோடு நின்றது, போன வாரம் உச்சியில் இரண்டு புதுத் துளிர். தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். தொட்டி ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ரோஜா விஷயத்தில்தான் சந்தேகம். போன வருடம் தப்பித்த அந்த ஒன்றுக்குத்தான் மண் குவித்திருந்தேன். கிளையெல்லாம் கறுத்துவிட்டது, நேற்று அடியில் சிவப்பாக ஒரு முளை தடிமனாக வந்திருக்கிறது. செடி பிழைத்ததா, இல்லை ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிற காட்டு ரோஜாவா?


செம்பருத்தி_வேலி:

இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள், ஒரு காம்பில் ஏழு சிற்றிலை வந்தால் காட்டு ரோஜா என்பார்கள், நல்ல ரோஜாவுக்கும் சிலதில் ஏழு வரும். குவித்த மண்ணை விரலால் மெல்ல விலக்கி, முளை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வேர்ப் பக்கம், வீங்கிய மூட்டுக்குக் கீழே என்றால் வெட்டாமல் பிடித்துக் கிழித்து எடுத்துவிடுங்கள், வெட்டினால் மறுபடி வரும். மூட்டிலிருந்தோ அதற்கு மேலோ என்றால் உங்கள் ரோஜாதான். கறுத்த கிளைகளைப் பச்சை தெரியும்வரை வெட்டி இறக்குங்கள், மண்ணை ஒரே நாளில் எடுக்காமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.


கொடிமுல்லை:

இப்போதுதான் கையால் விலக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். மூட்டுக்கு மேலே. ஒன்றல்ல, பின்பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. மறுபடி மண்ணை லேசாக மூடிவிட்டு வந்தேன்.